கருங்கல்லோடையின் தொள்ளாயிரத்து எழுபத்தோரு நாட்கள்

மேலப்பாறைப் பல்கலைக்கழகத்து நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஆய்வுத் தரவு மையம் என்று பலகை மாட்டிய அறைக்குள், ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு அக்டோபர் பத்தொன்பதாம் தேதி பெய்த மழை பெய்தது. மையத்தின் காப்பாளர் இசக்கியம்மாள் அப்போது தனியாகத்தான் இருந்தாள். புவியியல் துறையிலிருந்து தள்ளுவண்டியில் வந்து இறங்கிய மழை நோட்டுகளில் ஒன்றைப் பிரித்து, அதில் பேனாவால் எழுதியிருந்த எண்ணையும் கணினியில் ஏற்றியிருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்து, இரண்டும் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று கண்டு, திரையில் ‘சரி’ என்ற கட்டத்தை அமுக்கினாள். அமுக்கிய விரலை எடுப்பதற்குள், குழல்விளக்குக்கு ஒரு முழம் கீழே, மேகம் எதுவும் இல்லாத இடத்திலிருந்து முதல் சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. நோட்டை முந்தானையால் மூடினாள். கணினிக்கு மேலே குடையை விரித்தாள். ஐந்து நிமிடத்தில் மழை ஓய்ந்ததும், நனைந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு அடுத்த நாளின் எண்ணை ஒத்துப் பார்க்க உட்கார்ந்தாள். ஏனென்றால் மதிப்பீட்டுக் குழு வருவதற்கு மூன்று மாதமே இருந்தது, நோட்டுகள் நாற்பத்தெட்டு இருந்தன, அதில் நான்கு இன்னும் வந்து சேரவேயில்லை.

மறுநாளும் மழை பெய்தது, அதற்கு மறுநாளும் பெய்தது, நோட்டில் பூஜ்யம் என்று எழுதிய நாட்களில் மட்டும் பெய்யவில்லை. எவ்வளவு மழையானாலும் ஐந்து நிமிடம். தூறலென்றால் தூறலாக, கொட்டலென்றால் கொட்டலாக. மின்பணியாளர் தங்கப்பழம் வந்து பார்த்து, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், பிளக்குகளையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்தார். முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்திருந்தால் வயரை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பதுதான் அவருக்குக் குறை. பதிவாளர் ஹெப்சிபா சுற்றறிக்கை விட்டார்: மையத்துக்கு வருவோர் குடையுடன் வரவும், குடையை உள்ளேயே உதறிவிட்டு வெளியேறவும். கட்டடப் பிரிவு தரையின் ஓரத்தில் ஒரு காலடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதை நூலகத்துக்குப் பின்னால் வாடிக் கிடந்த வேப்பமரங்களுக்குத் திருப்பிவிட்டது. இயற்பியல் துறையார் ஒரு மழைமானியைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்து ஒரு வாரம் அளந்தார்கள், நோட்டில் உள்ளதும் மானியில் விழுந்ததும் புள்ளிக்குப் பிறகுள்ள எண் வரைக்கும் ஒத்துப் போவதைக் கண்டார்கள், ஒத்துப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மழைமானியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

பழைய மகளிர் விடுதியில் தண்ணீர் பஞ்சம். ஆறு பேர் இருக்கும் அறையில் ஆளுக்கு ஒரு வாளி என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே பதினொரு மணியானால் பெண்கள் வாளியும் குடமுமாக மையத்து வாசலில் வரிசை கட்டினார்கள்.

“இன்னைக்கி எந்த மாசம் மேடம்?” என்பாள் வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் ரஹ்மத் நிஷா. வேதியியல் முதுகலை படிப்பவள், விடுதிப் பெண்களின் பிரதிநிதி.

“ஏப்ரல் எழுவத்தொம்பது.”

“ஐயய்யோ, கோடையா! நவம்பருக்கு எப்ப வருவீங்க?”

“நவம்பருக்கு வரணும்னா மே, ஜூன் எல்லாத்தையும் தாண்டித்தானம்மா வரணும்” என்பாள் இசக்கியம்மாள். வாளிகள் ஏமாற்றத்துடன் கலையும்.

உணவகத்துக்காரர் மையத்தின் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, பெருமழை நாட்களில் மட்டும் பஜ்ஜி போட்டார். தாவரவியல் துறை தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து நனைத்து எடுத்துப் போனது. செம்மண் பூமியின் நோட்டைப் பிரித்தால் ஒரு வாசனையும் கரிசல் பூமியின் நோட்டைப் பிரித்தால் வேறொரு வாசனையும் அடிப்பதால், நடைக்கூடத்தில் போகிறவர்கள் நின்று மூக்கை உயர்த்தி, இது கயத்தாறுப் பக்கம், இது மலையடிவாரம் என்று பந்தயம் கட்டினார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், எண்பத்தேழில் தன் இறுதிப் போட்டியை நிறுத்திய மழையை நேரில் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அந்த நாள் வந்தபோது குடையில்லாமல் அதன் கீழே நின்று, ஐந்து நிமிடமும் அதை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்.

புரட்டாசியில் ஒரு நாள், எண்பத்தோராம் ஆண்டுத் தீபாவளி தேதிக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது, ‘சரி’யை அமுக்கியும் ஒரு சொட்டு விழவில்லை. வாளியோடு நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “அந்த மனுசன் தீவாளிக்கு ஊருக்குப் போயிருப்பாரு மேடம். திரும்பி வந்து ஒரு அஞ்சப் போட்டுட்டாரு” என்றாள் நிஷா. இசக்கியம்மாளும் சிரித்தாள். அந்த வரியில் எண்ணை அழிக்காமல், பக்கத்தில் ‘அளவிடப்படவில்லை’ என்று குறித்து வைத்தாள்.

ஆனால் அந்தச் சிரிப்பு மற்றத் துறைகளுக்குள் போனபோது சிரிப்பாகப் போகவில்லை. மறுநாளே மூன்று பேராசிரியர்கள் வந்து, ஏற்கெனவே கொடுத்த தரவில் ‘சின்னத் திருத்தம்’ இருப்பதாகச் சொல்லித் திரும்ப வாங்கிப் போனார்கள். அவர்களுடையதில் மழையே கிடையாது, ஒருவருடையது மண்புழு. இருந்தாலும் வாங்கிப் போனார்கள். அந்த வாரத்திலிருந்து மையத்து வாசலைக் கடக்கும் ஆட்கள் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

வராத நான்கு நோட்டுகளும் இசக்கியம்மாளின் வீட்டில்தான் இருந்தன. அவள் கணவர் ஆவுடையப்பன் புவியியல் துறைப் பேராசிரியர். பல்கலைக்கழகத்துக்கு வடமேற்கே முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கருங்கல்லோடை என்ற ஊரில் அவர் நாலு வருஷம் மழை அளந்துதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். ஆடியில் கேட்டதற்கு அட்டை கிழிந்திருக்கிறது ஒட்டித் தருகிறேன் என்றார், ஆவணியில் கேட்டதற்குத் தேடுகிறேன் என்றார், புரட்டாசியில் கேட்டபோது துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, பீரோவின் மேல் தட்டில் சட்டைகளுக்குப் பின்னால் இருந்த நான்கு நோட்டுகளையும் இசக்கியம்மாள் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். அட்டை எதுவும் கிழிந்திருக்கவில்லை.

முதல் நோட்டு மழை பெய்தது. தொண்ணூற்றொன்பது ஏப்ரலிலிருந்து ஓராண்டின் ஒவ்வொரு நாளும், பாறைச் சூட்டில் விழுந்த மழையின் வாசனையோடு, எழுதியபடியே பெய்தது. இரண்டாம் நோட்டில் ஜூலை வரை பெய்தது. இரண்டாயிரம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி, பதினெட்டுப் புள்ளி இரண்டு. ‘சரி’யை அமுக்கினாள். குடையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. மறுபடி அமுக்கினாள். ஆகஸ்ட் ஒன்பது, செப்டம்பர் இரண்டு, செப்டம்பர் பதினொன்று, அக்டோபர் முழுவதும், நவம்பர் முழுவதும், பெருமழை என்று எழுதிய நாட்களெல்லாம் வந்து வந்து வெறுமனே போயின. இரண்டாயிரத்து மூன்று மார்ச்சில் முடியும் நான்காவது நோட்டின் கடைசிப் பக்கம் வரை தொள்ளாயிரத்து எழுபத்தோரு நாட்கள், ஒரு சொட்டு இல்லை. வாசலில் வாளிகள் காத்திருந்தன. இன்று மையம் மூடல் என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள்.

வெறும் பட்டத்துக்கான எண்ணாக இருந்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கருங்கல்லோடையில் உற்பத்தியாகும் ஓடை பல்கலைக்கழக வளாகத்தின் வடக்கு எல்லையில்தான் வந்து முடிகிறது. முன்பு ஆள் போகாத முள்காடாக இருந்து, பல வருஷமாகக் காய்ந்து கிடந்த அந்த ஓடை வாயில்தான் அறுநூறு பெண்களுக்கான புதிய விடுதி கட்டி முடித்து வெள்ளையடித்து நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை குடியேற்றம். அந்த இடத்தில் கட்டலாமா என்று கட்டடப் பிரிவு பார்த்தபோது, ஓடையின் தலைமாட்டில் மழை அளந்த ஒரே ஆள் எழுதிய ஒரே அட்டவணையை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு நாளின் அதிகபட்ச மழை அறுபத்தொன்று புள்ளி நான்கு. இரண்டாயிரத்து ஒன்று, நவம்பர் பதினேழு. அறுபத்தொன்றுதானே என்று கட்டினார்கள். அந்தக் கோப்பு நகல் மையத்து அலமாரியிலேயே இருந்தது. அவளே வரிசை எண் போட்டு வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே வந்து நின்றாள்.

“ஏங்க. ரெண்டாயிரம் ஆகஸ்ட் மூணாம் தேதி எங்க இருந்தீங்க?”

பெட்டியை நகர்த்துவதை நிறுத்தினார். நோட்டுகள் பீரோவில் இல்லை என்பது அவருக்கு வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தது, அது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஒரு சொட்டு விழல” என்றாள்.

“மழைமானியக் களவாண்டுட்டுப் போயிட்டானுவ, இசக்கி. செம்பு. ஜூலைக் கடைசில போயி பாக்கேன், வெறும் சிமெண்டு மேடைதான் கிடக்கு. துறைக்கு எழுதுனேன். ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷம் ஆகும்னாங்க. உதவித்தொகை அதுவரைக்கும் நிக்காது. எப்படியாவது முடிச்சிருன்னாரு என் வழிகாட்டி. எப்படியாவதுன்னா என்ன அர்த்தம்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.”

“அதுக்கு?”

“பக்கத்து ரெண்டு ஸ்டேஷன் நோட்ட எடுத்து வச்சு, நடுவுல ஒரு எண்ணப் போட்டேன். தெனமும் போட்டேன். நம்ம லைப்ரரில சன்னலோரத்து மேசைல உக்காந்து.”

சட்டை பொசுங்கும் வாடை வந்தது. அவள்தான் பிளக்கைப் பிடுங்கினாள். அந்த மேசை அவளுக்குத் தெரியும். தற்காலிக உதவியாளராக நூலகத்தில் சேர்ந்திருந்த அந்த வருஷம், காலையில் வந்து மாலை வரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை அவள் தினமும் பார்த்தாள்; எவ்வளவு உழைப்பு என்று வியந்தாள்; அவர் கேட்ட நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்ததும், வழங்கல் அட்டையில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அந்த வியப்பில்தான் கல்யாணமும் நடந்தது.

“ஒரு தீசிஸ்தானே, யாரு படிக்கப் போறான்னு நெனச்சேன்” என்றார்.

“கட்டட ஆபீஸ்ல படிச்சிட்டாங்களே.”

அவர் பொசுங்கிய சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: “விலக்குன்னு ஒரு பொத்தான் இருக்குல்லா, சரிபாக்காமலே உள்ள அனுப்புறதுக்கு. நாலு நோட்டுதான். காப்பாளர் அமுக்குனா யாரும் கேக்க மாட்டாங்க. ஓடை வறண்டு இருவது வருஷம் ஆச்சு, இசக்கி.”

திங்கட்கிழமை காலை அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் பொத்தானின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வேலை போகும், பட்டம் போகும், ஊர் சிரிக்கும். வாசலில் நிஷா யாரிடமோ, புது விடுதியில் தனக்கு இரண்டாம் மாடி வேண்டாம் கீழ்த்தளம்தான் வேண்டும், டிரங்குப் பெட்டியை யார் மாடிக்குத் தூக்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. இசக்கியம்மாள் கணினியை அணைத்துவிட்டு, விடுப்புக் கடிதம் எழுதி மேசையில் வைத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். கருங்கல்லோடை வண்டி புறப்படும்போது பின்வாசல் வழியாக ஆவுடையப்பன் ஏறினார். அவள் பக்கத்தில் இடம் இருந்தும் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

சிமெண்டு மேடை இன்னும் இருந்தது. அதற்கு எதிர்வீடு, முன்பு கிளை அஞ்சலகமாக இருந்தது. ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர் செல்லக்கனி அங்கேயேதான் இருந்தார். கண்ணாடியை மேலே ஏற்றி ஆவுடையப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மழைமானித் தம்பியா? என்ன இம்புட்டு நரச்சுப் போச்சு! உள்ள வாங்க. இது யாரு, வீட்டுக்காரம்மாவா? உக்காருங்கம்மா.”

ஆவுடையப்பன் உட்காரவில்லை. இசக்கியம்மாள்தான் கேட்டாள்: “ரெண்டாயிரத்து ஒண்ணு நவம்பர் பதினேழாம் தேதி இங்க எவ்வளவு மழைன்னு ஞாபகம் இருக்கா அம்மா?”

“ஞாபகம் எதுக்கு? எழுதியில்லா வச்சிருக்கேன்” என்று உள்ளே போய், தபால் பை அனுப்ப முடியாத நாளில் காரணம் எழுத வேண்டிய அலுவலக நாட்குறிப்பின் படியை எடுத்து வந்தார். நீல மையில் இருந்தது: பாலம் முங்கிவிட்டது, பை அனுப்பவில்லை. முற்றத்து பிஸ்கட் டின்னில் ஒரு சாண் நாலு விரல் தண்ணீர்.

“டின்னா?” என்றார் ஆவுடையப்பன். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் சொல்.

“நேர் சுவரா இருக்குமே, அந்தப் பெரிய சதுர டின்னு. உங்க மானிதான் களவு போயிட்டுல்லா. நீங்களும் வரக் காணோம். ஒடம்புக்கு ஏதும் சுகமில்லையோ, திரும்பி வந்தா இத்தன நாள் மழைக்கு என்ன செய்வாரு அந்தத் தம்பின்னு, நான் டின்ன வச்சுக் கையால அளந்து எழுதிக்கிட்டே வந்தேன். ரெண்டு வடகிழக்குப் பருவம் எழுதுனேன். வந்தா கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க வரவேயில்ல. பிறவு டின்னும் ஓட்டையாப் போச்சு.”

ஆவுடையப்பன் நாட்குறிப்பை இரண்டு கையாலும் வாங்கினார். பக்கங்களைப் புரட்டினார். அவர் வராத நாட்களில் நாற்பத்து மூன்று, சாண் கணக்கிலும் விரல் கணக்கிலும் வரிசையாக இருந்தன. செல்லக்கனியின் வலது கையைக் காட்டச் சொல்லி, பையிலிருந்து அளவுகோலை எடுத்து, அவரது சாணையும் நாலு விரலையும் அளந்தார். முந்நூறு மில்லிமீட்டர். “கொண்டு போங்க தம்பி, உங்களுக்குன்னுதான் எழுதுனேன்” என்றார் அந்த அம்மாள். பேருந்தில் திரும்பும்போது ஆவுடையப்பன் இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் துணைவேந்தரே மையத்துக்கு வந்தார், பதிவாளர் ஹெப்சிபா பின்னால் வந்தார். மதிப்பீட்டுக் குழுவுக்குப் போக வேண்டிய பட்டியலில் நாற்பத்து நான்கு நோட்டுக்குச் ‘சரி’ என்றும் நான்குக்குக் காலியாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை விடுதி திறப்பு, திங்கட்கிழமை குழு.

“நாலு நோட்டுக்காக நாலு நாளா மூடி வச்சிருக்கீங்க. என்ன பிரச்சினை?” என்றார் துணைவேந்தர், நின்றபடியே.

இசக்கியம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். நாட்குறிப்பை மேசையில் வைத்தார்.

“பிரச்சினை நான்தான் சார். அதுல தொள்ளாயிரத்து எழுவத்தோரு நாள் நான் அளக்கல. உக்காந்து எழுதுனேன்.”

ஹெப்சிபா கையிலிருந்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“சரி, அது துறைக்குள்ள பாத்துக்கலாம்” என்றார் துணைவேந்தர் மெதுவாக, “குழு வந்துட்டுப் போகட்டும்.”

“பாத்துக்கிட முடியாது சார். அந்த அறுவத்தொண்ண நம்பித்தான் விடுதி கட்டியிருக்கு.” ஆவுடையப்பன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, நவம்பர் பதினேழைத் திறந்து, அறுபத்தொன்று புள்ளி நான்குக்கு நேராக ‘சரி’யை அமுக்கினார். நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். எதுவும் விழவில்லை. அதன் கீழே புது வரி ஒன்றைத் திறந்து, டின், ஒரு சாண் நாலு விரல், அளந்தவர் செல்லக்கனி, முந்நூறு என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். “குடையப் பிடி, இசக்கி” என்றார். அமுக்கினார்.

ஒரு மூச்சு விடும் நேரம் அறையில் சத்தமே இல்லை. பிறகு கூரையே கழன்று இறங்கியது போல் வந்தது. சொட்டு சொட்டாக வரவில்லை, கயிறு கயிறாக வந்தது. குடை முதல் அடியிலேயே மடங்கியது. ஓரத்து வாய்க்கால் ஒரு நிமிடத்தில் பொங்கி எதிர்த்து வந்தது. கணுக்கால், கெண்டைக்கால் என்று தண்ணீர் ஏறியது. உள்பக்கமாகத் திறக்கும் கதவை ஹெப்சிபா இரண்டு கையாலும் இழுத்தார், தண்ணீர் அழுத்தித் திறக்க விடவில்லை. துணைவேந்தர் நாற்காலியில் ஏறி நின்று ஏதோ கத்தினார், பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. இசக்கியம்மாள் நாட்குறிப்பைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கண்ணைத் திறக்க முடியாமல், ஐந்து நிமிடத்தை மனசுக்குள் எண்ணினாள். அவள் எண்ணியதிலேயே நீளமான ஐந்து நிமிடம் அது.

மழை நின்றபோது தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. துணைவேந்தரின் கண்ணாடி மிதந்துபோய் அலமாரியில் முட்டிக்கொண்டிருந்தது.

“இந்த ரூமுக்கே இவ்வளவுன்னா,” என்றார் நாற்காலியிலிருந்து இறங்காமல், “ஓடை வாய்க்கு எவ்வளவு வரும்?”

“நூத்தி நாப்பது சதுர கிலோமீட்டர் தண்ணியும் அங்கதான் வந்து சேரணும் சார்” என்றார் ஆவுடையப்பன். “முதல் மாடி ஜன்னல் வரைக்கும்.”

வெள்ளிக்கிழமைத் திறப்பு நின்றது. விடுதிச் சாவியை ஹெப்சிபா தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஆவுடையப்பனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பெட்டி படுக்கையைக் கட்டி வைத்திருந்த அறுநூறு பெண்களும் நேராக மையத்துக்கு வந்தார்கள். இந்த முறை வாளி இல்லாமல் வந்தார்கள்.

“எங்களுக்கு ரூம் தரக்கூடாதுன்னு ரூமுக்குள்ளேயே மழையக் கூட்டிட்டு வந்தீங்களா மேடம்?” நிஷாவின் குரல் நூலகம் முழுக்கக் கேட்டது. “ஆறு பேரு ஒரு ரூம்ல கெடக்கோம். யாரோ ஒரு ஆளு பொய்யெழுதுனா நாங்க எதுக்குச் சாகணும்?”

“யாரோ ஒரு ஆளு இல்லம்மா” என்றாள் இசக்கியம்மாள். “என் வீட்டுக்காரர்.”

கூட்டம் முன்னிலும் மோசமாக இரைந்தது.

மதிப்பீட்டுக் குழு வந்து போனது. ஒன்பது நாள் வெயில் காய்ந்தது. ஐப்பசி வெயிலில் வெள்ளையடித்த விடுதி பளீரென்று நின்று, கடந்து போகிறவர்களையெல்லாம் கேலி செய்தது. உணவகத்தில் இசக்கியம்மாள் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியானது. காய்ந்த ஓடையில் யாரோ ஒரு காகிதக் கப்பலை வைத்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை பூட்டை உடைத்தாவது குடியேறுவோம் என்று பெண்கள் அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வடமேற்கே மலை இருட்டியது. மேலப்பாறையில் தூறல்கூட இல்லை. மாலை நாலரை மணிக்கு ஓடையில் முதலில் ஒரு சத்தம் வந்தது, பிறகு வாசனை வந்தது, பிறகு முள்ளும் பாறையும் ஒரு முழு ஆட்டுப்பட்டியின் வேலியுமாகச் செந்தண்ணீர் வந்து, விடுதியின் கதவுகளைத் தள்ளிக்கொண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. நூலகப் படிக்கட்டில் நின்று எல்லாரும் பார்த்தார்கள். கீழ்த்தளம் முங்கியது, முதல் மாடி ஜன்னல் கம்பியில் கட்டில் சட்டங்கள் மோதிக்கொண்டிருந்தன. நிஷா இசக்கியம்மாளின் பக்கத்தில் வந்து நின்றாள், தண்ணீர் வடியத் தொடங்கும் வரை அவளது மேல்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். விட்டபோது விரல் தடம் பதிந்திருந்தது.

அதனால் ஆவுடையப்பனுக்கு மன்னிப்பு கிடைத்துவிடவில்லை. பட்டம் பறிபோனது, வேலையும் போனது. மார்கழியில் துணைவேந்தரிடமிருந்து இசக்கியம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது: பல்கலைக்கழகத்தின் நற்பெயரைக் கருதி அந்த நான்கு நோட்டுகளையும் அவற்றின் கணினிப் பதிவுகளையும் அடியோடு நீக்கிவிடவும். அவள் அதை வீட்டில் அவரிடம் காட்டினாள்.

“நீக்கிரு” என்றார் ஆவுடையப்பன். “எனக்கும் நிம்மதி. எவனாவது பேரன் பேத்தி எடுத்துப் பாத்து...”

“நீக்குனா?” என்றாள். “உங்க தீசிஸ் பதினோரு லைப்ரரில அச்சா இருக்கு. அந்த அறுவத்தொண்ணு அதுல இருக்கு. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தன் அத எடுப்பான். பொய்யின்னு சொல்றதுக்கு ஒரு எடம் வேண்டாமா? நோட்டு இருந்தாத்தான அது பொய்யின்னு காட்ட முடியும்?”

அவர் கடிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

நீக்க இயலாது, காரணம் கீழே, என்று இசக்கியம்மாள் துணைவேந்தருக்குப் பதில் எழுதினாள். ஹெப்சிபா அதில் தானும் கையெழுத்திட்டார். மறு பதில் வரவேயில்லை. மறுநாள் காலை ஆவுடையப்பன், வாசலில் வெளியாட்களுக்கான ஏட்டில் பெயர் எழுதிவிட்டு மையத்துக்குள் வந்து, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு முறை எழுதினால் போதும், தொள்ளாயிரத்து எழுபத்தோரு வரிக்கும் நகலெடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். வேண்டாம் என்றார். நாற்பத்து மூன்று நாட்களுக்குச் செல்லக்கனியின் பெயரையும் விரல் கணக்கையும் எழுதினார். மற்ற நாட்களுக்கு எல்லாம் ஒரே வாக்கியம்: அன்று நான் அங்கே போகவில்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டி, அன்று நான் அங்கே போகவில்லை, அன்று நான் அங்கே போகவில்லை என்று எட்டு நாள் எழுதினார். பெண்கள் வாளியோடு வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து யாரோ அவருக்கும் சேர்த்து இரண்டு டீ அனுப்பினார்கள்.

எட்டாம் நாள் கடைசி வரியும் முடிந்தது. பதிவை மூடுவதற்கு முன் ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றது: பாதுகாக்க வேண்டிய காலம். அதன் கீழே மூன்று தேர்வுகள், ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, நிரந்தரம். இசக்கியம்மாள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுக்கவில்லை. ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார்; அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்த பிறகும் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் தன் கையை அதன் மேல் வைத்தாள்.